கசிவை அடைக்க விடாத வருஷம்

பத்திரிகையில் வருஷத்துக்கு ஒரு தடவையாவது அந்தச் செய்தி வந்துவிடுகிறது. மாநிலத்தில் உள்ள அணைகளையெல்லாம் அதிகாரிகள் போய்ப் பார்த்தார்கள், விரிசல் இல்லை, கசிவு அனுமதிக்கப்பட்ட அளவுக்குள்தான் இருக்கிறது, மக்கள் பயப்படத் தேவையில்லை. நான் அதைக் கடைசி வரி வரைக்கும் விடாமல் படிப்பேன். படித்து முடித்ததும் சுள்ளென்று எரிச்சல் வரும். எழுதினவர் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. அந்தக் கசிகிற தண்ணீர் எங்கே போகிறது, அதை யார் குடிக்கிறார்கள் என்று ஒருத்தருக்கும் கேட்கத் தோன்றவில்லையே என்றுதான். வீட்டில் இருப்பவர்கள், ஊரில் இருக்கிற அணைக்கெல்லாம் நீ ஏன் கவலைப்படுகிறாய் என்று கேலி செய்வார்கள். நானும் பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு வேறு வேலை பார்ப்பேன்.

எங்கள் செங்கல்பட்டு ஜில்லாவில் சொல்லிக்கொள்கிற மாதிரி பெரிய அணை கிடையாது. ஏரிதான். செங்கல்பட்டிலிருந்து எந்தத் திசைக்குப் பஸ் ஏறினாலும் ஜன்னலோரம் ஒரு ஏரிக்கரை கூடவே வந்துகொண்டிருக்கும். அது முடிந்தால் கொஞ்ச தூரத்தில் இன்னொன்று. அணை என்ற பெயர் இல்லாததால் இவற்றைப் பற்றி யாரும் பெரிதாக எழுதுவதில்லை. ஆனால் மண்ணைக் கொட்டி மேடாக்கி, ஒரு பக்கம் தண்ணீரை நிறுத்தி, மறு பக்கம் மனிதர்கள் குடியிருக்கிறார்கள் என்றால் அது அணை இல்லாமல் வேறு என்ன?

அந்த மறு பக்கத்தில்தான் நாங்கள் குடியிருந்தோம். திருப்போரூரிலிருந்து செங்கல்பட்டு போகிற சாலையை விட்டு உள்ளே தள்ளி இருந்தது எங்கள் ஏரி. கரையின் தென்கோடியில் கலுங்கு. ஏரி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் தானாக வழிந்து போவதற்காகக் கட்டிய கல் தடுப்பு அது. வடகோடியில், கரைக்கு நேர் கீழே, எங்கள் காலனி. நல்ல மேட்டு நிலத்தில் ஊர்க்காரர்கள் வீடு கட்டிக்கொண்ட பிறகு மிச்சமிருந்த பள்ளம் எங்களுக்கு வந்தது. எங்கள் அப்பா காலம் வரைக்கும் எல்லோரும் அடுத்தவர் வயலில் கூலி வேலை செய்தவர்கள். ஏரிக்கரைக்கு மண் போட வேண்டுமென்றால் வீட்டுக்கு ஒரு ஆள் வா என்று கூப்பிட்டதும் எங்களைத்தான். கரை எங்கள் ஆட்கள் சுமந்த மண், தண்ணீர் ஊர்க்காரர்கள் வயலுக்கு.

காலனிக்கு நேராகக் கரையின் அடியில் ஒரு பழைய மதகு இருந்தது. வயலுக்குத் தண்ணீர் விடுகிற வாய்க்கு மதகு என்று பெயர். எந்தக் காலத்திலோ வேறு இடத்தில் புது மதகு கட்டிய பிறகு இதை மண் போட்டு மூடிவிட்டார்கள். நாங்கள் அதைச் செத்த மதகு என்போம். செத்ததே தவிர அது முழுதாகச் சாகவில்லை. உள்ளே எங்கோ பழைய கல்லிடுக்கு வழியாகத் தண்ணீர் கசிந்து, கரையின் இந்தப் பக்கம் கோரைப்புல்லுக்கு நடுவில் ஊறி வரும். விரல் தடிமனுக்கு. கண்ணாடி மாதிரி தெளிந்த தண்ணீர். மண்ணுக்குள் இவ்வளவு தூரம் நடந்து வந்ததால் ஜில்லென்று இருக்கும். ஏரியில் தண்ணீர் அடிமட்டத்துக்குப் போன கோடையிலும் அந்த ஊற்று மெலிந்ததே தவிர நின்றதில்லை.

அது எங்களுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்ல வேண்டுமானால் ஊர்க்கிணற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். காலனியிலும் ஒரு கிணறு இருந்தது. வாயில் வைக்க முடியாத உப்பு. நல்ல தண்ணீர் ஊர்த் தெருவில் இருக்கிற கிணற்றில்தான். அந்தக் கிணற்று மேடையில் நாங்கள் ஏறக் கூடாது, கயிற்றைத் தொடக் கூடாது. குடத்தைக் கீழே தள்ளி வைத்துவிட்டு நிற்க வேண்டும். ஊர்ப் பெண்கள் யாராவது வந்து, அவர்கள் குடம் நிரம்பி, அவர்களுக்கு மனசும் இருந்தால், மேலிருந்து எங்கள் குடத்தில் ஊற்றுவார்கள். குரல் கொடுத்துக் கேட்கக் கூடாது. ஊற்றும்போது பாதி தரையில் போகும். அதற்கும் வாய் திறக்கக் கூடாது. இதையெல்லாம் சட்டம் ஒழித்துவிட்டது என்று நான் பள்ளிக்கூடத்துப் புத்தகத்தில் படித்திருக்கிறேன். புத்தகம் எங்கள் ஊர் பக்கம் வரவில்லை.

செத்த மதகின் ஊற்றுக்கு மேடை இல்லை. யாரும் ஊற்ற வேண்டியதில்லை. போனோம், குடத்தைச் சாய்த்து வைத்தோம், நிரம்பியதும் எடுத்துக்கொண்டு வந்தோம். கலியாணமாகி வந்த புதிதில் என் அண்ணி அதைப் பார்த்துவிட்டு, இவ்வளவுதானா, யாரையும் கேட்க வேண்டாமா என்று அண்ணனிடம் இரண்டு மூன்று தடவை கேட்டதாக அவன் சொல்லிச் சிரிப்பான். திருக்கழுக்குன்றத்துக்குப் பக்கத்தில் அவள் பிறந்த ஊரில் இன்னும் மோசமாம். அண்ணிக்கு வாய் அதிகம், கை அதைவிட அதிகம். ஊற்றைச் சுற்றித் தட்டைக்கல் பதித்து, குடம் வைக்க ஒரு குழி எடுத்து, மாடு வாய் வைக்காமல் முள் வெட்டிப் போட்டது எல்லாம் அவள்தான். தன் வீட்டு அடுக்களையைப் பார்த்துக்கொள்கிற மாதிரி அந்த இடத்தைப் பார்த்துக்கொண்டாள்.

நான் விடுதியில் தங்கிப் படித்து, ஆசிரியர் பயிற்சி முடித்து, எழுபதுகளின் தொடக்கத்தில் கோவளத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். மீன் விற்கிற ஒரு அம்மாளின் வீட்டில் வாடகைக்கு ஓர் அறை. அங்கே எனக்குப் பெரிய ஆச்சரியம் தண்ணீர்தான். கடல் அந்தப் பக்கம் இரைந்துகொண்டிருக்க, இந்தப் பக்கம் மணலைக் கையால் தோண்டினால் போதும், குழியில் நல்ல தண்ணீர் ஊறும். அந்த அம்மாள் சிரட்டையால் மொண்டு மொண்டு குடத்தை நிரப்புவாள். இது யாருடைய குழி என்று முதல் நாள் கேட்டுவிட்டேன். அவளுக்குக் கேள்வி புரியவில்லை. மணலுக்கு ஆள் வைப்பார்களா என்று என்னை ஒரு மாதிரி பார்த்தாள். அன்றைக்கு எனக்கு அண்ணியின் ஞாபகம்தான் வந்தது.

நான் வேலைக்குச் சேர்ந்த பிறகு மழை இரண்டு வருஷமாகச் சரியில்லை. இரண்டாவது கோடையில் ஏரி காய்ந்து, நடுவில் குட்டை மட்டும் கிடந்தது. ஏரி காய்ந்தால்தான் கரையில் வேலை செய்ய முடியும் என்று அப்போதுதான் பொதுப்பணித் துறை ஓவர்சியர் வந்தார். நான் விடுமுறைக்கு வீட்டுக்கு வந்திருந்தேன். ஓவர்சியர் தெற்கத்தி ஆள், ஒல்லியாக, எப்போதும் தலையில் ஈரத் துண்டோடு இருப்பார். கரையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் நடந்து பார்த்திருக்கிறார். சீமைக்கருவேலம் வேர் விட்டிருக்கிறது, எலி வளை, நண்டு வளை, ஊர்ப் பெரிய மனிதர் ஒருவர் வண்டி போவதற்காகக் கரையையே சரித்து வழி எடுத்திருக்கிறார். எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, மிக மோசம் செத்த மதகுதான் என்று முடிவு செய்தார். அதைத் தோண்டி, களிமண் அடைத்து, கசிவே இல்லாமல் செய்ய வேண்டும். ஆட்களும் களிமண்ணும் வந்து இறங்கியாயிற்று.

அண்ணி போய் ஊற்றுக்கு முன்னால் உட்கார்ந்தாள். அவளைப் பார்த்து அடுத்த வீட்டுப் பெண், அவளைப் பார்த்து அதற்கடுத்தவள். கொஞ்ச நேரத்தில் காலனிப் பெண்கள் எல்லோரும் காலிக் குடத்தோடு அங்கே உட்கார்ந்துவிட்டார்கள். கூலிக்கு மண் வெட்ட வந்தவர்கள் எங்கள் ஆண்கள்தான், என் அண்ணனும் அதில் ஒருவன். மனைவிமார் உட்கார்ந்திருக்கிற இடத்தில் எப்படிக் கடப்பாரை போடுவது என்று அவர்கள் பீடி பற்றவைத்துக்கொண்டு தள்ளிப் போய்விட்டார்கள்.

ஓவர்சியர் கத்தவில்லை. துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, கசிவு என்றால் என்ன, அது எப்படி உள்ளே மண்ணை அரிக்கும் என்று பொறுமையாகச் சொன்னார். இந்த ஜில்லாவில் மட்டுமில்லை, மாநிலம் முழுக்க இப்படித்தான் கிடக்கிறது, ஒவ்வொரு கரையிலும் யாரோ எதையோ விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள் என்றார். கரை உடைந்தால் முதலில் போகிறது உங்கள் வீடுதானே, உங்கள் நல்லதுக்குத்தான் சொல்கிறேன், ஊரில் கிணறு இல்லையா என்று கேட்டார்.

அண்ணி அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"கீது சார். கிணறு கீது. எங்க கொடத்துல ஊத்தறதுக்கு நீ தெனம் வந்துகினு இருப்பியா?"

அவர் எங்கள் குடங்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். புடவையும் கைக்கடிகாரமுமாக நான் நின்றதால், படித்த பெண் விளக்குவாள் என்று நினைத்தார் போல. நான் விளக்கினேன். அண்ணி ஒரே வாக்கியத்தில் சொன்னதை நல்ல தமிழில் நீட்டி முழக்கிச் சொன்னேன். கேட்கக் கேட்க அந்த மனிதரின் முகம் சிறுத்துப் போனது. அவருக்கும் அவர் ஊரில் எந்தக் கிணற்றில் யார் ஏறலாம் என்று தெரிந்துதான் இருக்கும். ஆனால் இங்கே ஒரு கசிவுக்குப் பின்னால் அது வந்து உட்கார்ந்திருக்கும் என்று அவர் படித்த படிப்பில் இல்லை.

கடைசியில் அவர்தான் ஒரு வழி சொன்னார். காலனிக்கு ஓர் அடிபம்பு போடச் சொல்லி எழுதுகிறேன், பம்பு வந்த பிறகு இதை அடைத்துக்கொள்ளலாம். அதுவரைக்கும் ஒரு விஷயம் மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள் என்று அண்ணியைப் பார்த்துச் சொன்னார்.

"தண்ணி தெளிவா வர்ற வரைக்கும் பயமில்லம்மா. கலங்கலா வந்தா மட்டும் உடனே ஆளனுப்புங்க. அப்ப அது மண்ணைத் தின்னுக்கிட்டு வருதுன்னு அர்த்தம்."

அண்ணி தலையாட்டினாள். ஆட்கள் களிமண்ணைக் கொண்டுபோய் வேறு வளைகளை அடைத்தார்கள். வெட்டிப்போட்ட வண்டிப்பாதையை அடைக்கப் போனபோது ஊர்ப் பெரியவர் விடவில்லை. அவர் யாரையும் உட்கார வைக்கவில்லை, ஒரு வார்த்தை சொன்னார், போதுமாக இருந்தது. எனக்கு அன்றைக்கு அண்ணியை நினைத்து அப்படி ஒரு பெருமை. அந்தப் பெருமையில் பாதி இன்றைக்கும் மிச்சமிருக்கிறது. மற்றப் பாதியை என்ன செய்வதென்றுதான் தெரியவில்லை.

பம்பு வரவில்லை. ஓவர்சியர் எழுதவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். அவர் எழுதியிருப்பார். எழுதியது எங்கே போய் நின்றதோ. கோடை போய் ஆடி வந்தது, ஆவணி வந்தது. ஊற்றை அடைக்கவும் யாரும் வரவில்லை. அவருக்குக் கீழே இருந்த ஏரிகளை எண்ணிப் பார்த்தால் எங்கள் ஏரிக்கு அவர் ஒரு தடவை வந்ததே அதிசயம்.

அந்த ஐப்பசியில் மழை பிடித்தது. இரண்டு வருஷத்துப் பாக்கியையும் சேர்த்துப் பெய்கிற மாதிரி பெய்தது. ஊரில் எல்லோரும் சந்தோஷமாக இருந்தார்கள். ஏரி ஏற ஏற, கரையில் போய் நின்று பார்ப்பதே ஒரு பொழுதுபோக்காகிவிட்டது. ஒரு வாரக் கடைசியில் நான் கேளம்பாக்கம் வந்து, திருப்போரூர் வழியாகப் பஸ் மாறி, நனைந்துகொண்டே வீடு போய்ச் சேர்ந்தேன். அண்ணி எனக்குச் சுடச்சுடக் கேழ்வரகுக் களியும் மீன் குழம்பும் போட்டாள். நான் கோவளத்திலிருந்து கொண்டு போன மீன்தான். ஓய்வு நாளிலும் டீச்சரம்மாவுக்குச் சோறு போடும் பாக்கியம் எனக்குத்தான் என்று கேலி பேசிக்கொண்டே இருந்தாள்.

அடுக்களை மூலையில் குடத்துக்குள் கைவிட்டு எதையோ தேய்த்துக்கொண்டிருந்தாள். எட்டிப் பார்த்தேன். தேத்தாங்கொட்டை. அந்தக் கொட்டையைக் குடத்தின் உட்புறத்தில் உரசிவிட்டுத் தண்ணீர் ஊற்றினால், கலங்கிய தண்ணீரும் ஒரு மணி நேரத்தில் வண்டல் கீழே இறங்கித் தெளிந்துவிடும். எங்கள் பக்கம் மழைக்காலத்தில் எல்லா வீட்டிலும் செய்வதுதான். ஊற்றுத் தண்ணீர் கொஞ்சம் செந்நிறமாக வருகிறது என்று அண்ணன் சாப்பிட்டுக்கொண்டே சொன்னான். மழையில் எந்தத் தண்ணீர் செந்நிறமாக இல்லை, கரைமேல் விழுகிற மழை வழிந்து ஊற்றில் கலக்கிறது என்றாள் அண்ணி. அதுவும் சரியாகத்தான் பட்டது. வாசலில், தெருவில், வாய்க்காலில், பார்க்கிற இடமெல்லாம் செம்மண் தண்ணீர்தான் ஓடிக்கொண்டிருந்தது. தெளிந்த தண்ணீரை எனக்கு ஒரு சொம்பு கொடுத்தாள். நன்றாகத்தான் இருந்தது.

குடத்தடியில் தங்கிய வண்டலை அவள் கொட்டவில்லை. ஒரு சட்டியில் சேர்த்து வைத்திருந்தாள். கல், மணல் எதுவும் இல்லாத நைசான களிமண், வெண்ணெய் மாதிரி. அதைக் குழைத்து அடுப்பை மெழுகினாள். அடுப்பு மழமழவென்று ஆகிவிட்டது. இவ்வளவு நல்ல மண் எங்கே பிடித்தாய் என்று நான் கேட்டேன். குடம் கொடுத்தது என்றாள்.

அது மேலே இருந்து வழிந்த செம்மண் இல்லை. கரையின் வயிற்றுக்குள் இருந்த களிமண். எங்கள் தாத்தன் பூட்டன் தலையில் சுமந்து கொண்டுபோய் மிதித்து இறுக்கிய மண். குடம் குடமாக அது எங்கள் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தது, நாங்கள் அதைத் தெளியவைத்துக் குடித்துவிட்டு மிச்சத்தை அடுப்பில் பூசிக்கொண்டிருந்தோம்.

அடுத்த வாரம் கோவளத்தில் மழை சற்று விட்டிருந்த ஒரு காலை. பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழியில் முகத்துவாரத்துப் பக்கம் ஒரே கூட்டம். மேலேயிருந்து ஏரிகளின் மிச்சத் தண்ணீர் எல்லாம் உப்பங்கழி வழியாக அங்கே வந்துதான் கடலில் சேரும். மணல் மேடு உடைந்து வாய் அகலமாகத் திறந்திருந்தது. கடல் கொஞ்ச தூரத்துக்குச் சிவந்து கிடந்தது. மீன்காரர்களுக்குச் சந்தோஷம், வாய் திறந்தால் இறால் வரும். பிள்ளைகள் தண்ணீரில் மிதந்து வருவதைக் கைகாட்டிக் கூச்சல் போட்டன. வாழை மரம், வைக்கோல், ஒரு கூரை கட்டுக் குலையாமல் அப்படியே. என் வீட்டுக்கார அம்மாள் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

"மேல எந்த ஏரியோ புட்டுக்கினு பூட்ச்சி டீச்சர். இம்மாம் தண்ணி சும்மா வராது."

நானும் பார்த்துக்கொண்டு நின்றேன். பாவம், யாருடைய கூரையோ என்று சொன்னேன். பிறகு பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் பாடம் நடத்தினேன். அன்று மத்தியானம் அண்ணன் அனுப்பிய ஆள் வந்து, உடைந்தது எங்கள் ஏரிதான் என்று சொன்னான். என் வீடு என் கண்முன்னால் கடலுக்குப் போயிருக்கலாம், நான் அதற்குப் பாவம் என்று சொல்லிவிட்டு வகுப்புக்குப் போயிருக்கிறேன்.

நடந்ததைப் பிறகு அண்ணி சொல்லித்தான் தெரியும். ஏரி நிரம்பிக் கலுங்கு வழிந்ததும், ஆபத்து வந்தால் அங்கேதான் வரும் என்று ஊர் ஆண்கள், காலனி ஆண்கள் எல்லோரும் தென்கோடிக்குப் போய் மூட்டை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அது முந்தின நாள் காலை, விடிந்து வெகு நேரம் ஆகவில்லை. அண்ணி வழக்கம்போலக் குடத்தோடு ஊற்றுக்குப் போனாள். விரல் தடிமனுக்கு வந்த தண்ணீர் அன்றைக்குத் தொடை தடிமனுக்கு வந்துகொண்டிருந்தது. குழம்பு மாதிரி கெட்டியாக. அவள் பதித்த தட்டைக்கல் ஒன்று அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கழன்று உருண்டு போனது. குடத்தை அங்கேயே போட்டுவிட்டு ஓடிவந்தாள். வீடு வீடாகக் கதவைத் தட்டவில்லை, காலால் உதைத்தாள். பிள்ளைகளையும் கிழவர்களையும் இழுத்துக்கொண்டு எல்லோரும் சாலை மேட்டுக்கு ஏறி முடிக்கவும், கரை உள்வாங்கவும் சரியாக இருந்தது. சத்தமே இல்லாமல் உட்கார்ந்ததாம் கரை. தண்ணீரின் சத்தம் அதற்குப் பிறகுதான் வந்ததாம்.

ஒரு உயிர்கூடப் போகவில்லை. ஆடு மாடுகள் போயின, வீடுகள் போயின, ஊர்க்காரர்களின் சம்பா வயல் முழுக்க மணல் மேவிப் போனது. அண்ணி கதவை உதைத்துக் காப்பாற்றினதை யாரும் பேசவில்லை. ஓவர்சியர் அடைக்க வந்தபோது உட்கார்ந்து மறித்ததைத்தான் பேசினார்கள். காலனிப் பொம்பளைங்க ஏரியை உடைத்துவிட்டார்கள் என்று அந்த வட்டாரம் முழுக்கப் பரவிவிட்டது. வண்டிப்பாதைக்காகக் கரையைச் சரித்தவரே சாலையில் நின்று சொன்னார். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. ஆனால் வாயைத் திறந்து என்ன சொல்வது? உட்கார்ந்தது உண்மைதான். உடைந்ததும் அந்த இடத்தில்தான். அவர்கள் சொன்னதில் பொய் இல்லை, நியாயம்தான் இல்லை. இந்த வித்தியாசத்தை ஒரு கூட்டத்துக்கு முன்னால் சொல்லத் தெரிந்தவளாக நான் அன்றைக்கு இல்லை.

தண்ணீர் வடிந்த பிறகு ஓவர்சியர் வந்தார். உடைப்பு விழுந்த இடத்தில் ஆழம் தெரியாத மடு. எங்கள் வீடு இருந்த இடமும் அதற்குள்தான் இருந்தது. அவர் ஓரத்தில் நின்று வெகு நேரம் பார்த்தார். அவர் உத்தியோகத்துக்கு என்ன ஆகும் என்று அவருக்கே தெரியாத நேரம் அது. நேராக அண்ணியிடம் வந்தார். கோபமாகக் கேட்பார் என்று நான் நினைத்தேன்.

"தண்ணி கலங்கிச்சாம்மா?"

"கலங்கிச்சு சார்."

"எத்தன நாளா?"

"மழ புடிச்சதுலேர்ந்து. தேத்தாங்கொட்ட போட்டு தெளிய வச்சி குட்சிகினு இருந்தோம்."

அவர் அப்படியே அந்த மணலில் உட்கார்ந்துவிட்டார். அண்ணியும் அவருக்கு எதிரே உட்கார்ந்தாள். இரண்டு பேரும் துக்க வீட்டில் உட்காருகிறவர்கள் மாதிரி இருந்தார்கள். நான்தான் நின்றுகொண்டிருந்தேன்.

வெகு நாள் கழித்து ஒரு தடவை மட்டும் அண்ணியிடம் கேட்டேன். ஓவர்சியர் சொன்னது உனக்கு ஞாபகம் வரவே இல்லையா? அவள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். மழைத் தண்ணீர் என்றுதான் நினைத்தேன் என்றாள். கொஞ்சம் பொறுத்து, ஆள் அனுப்பினால் அடைத்துவிடுவார்கள் என்றும் இருந்தது என்றாள். இரண்டில் எது முதலில் தோன்றியது என்று நான் கேட்கவில்லை. எனக்கே அந்தச் சொம்புத் தண்ணீரைக் குடித்தபோது என்ன தோன்றியது என்று இப்போது சரியாகச் சொல்ல முடியவில்லை. வேண்டாத நினைப்பை அடியில் தங்கவிட்டு மேலே இருப்பதைக் குடிப்பது மனிதர்களுக்கு ரொம்பச் சுலபமாக வருகிறது.

கரையை மறுபடி கட்டினார்கள். இந்தத் தடவை பணத்துக்கும் ஆளுக்கும் குறை வைக்கவில்லை, ஊர் வயலாயிற்றே. மடுவைச் சுற்றி வளைத்துப் புதுக்கரை போட்டார்கள். களிமண்ணை அடுக்கடுக்காகப் போட்டு உருளை விட்டு இறுக்கினார்கள். ஏரிப் பக்கம் கல் பாவினார்கள். செத்த மதகின் கற்களை ஒன்று விடாமல் பெயர்த்து எடுத்துவிட்டார்கள். மண் சுமந்த கூலியாட்களில் என் அண்ணனும் இருந்தான். கரை கட்டி முடிந்து அடுத்த மழையில் ஏரி நிரம்பியபோது ஓவர்சியருக்குப் பதிலாக வந்த புதியவர் நடந்து பார்த்துவிட்டு, இப்படி ஒரு கரை இந்தப் பக்கத்திலேயே இல்லை என்று சொல்லிவிட்டுப் போனாராம். பம்புக்கு எழுதுகிறேன் என்று சொன்ன பழைய ஓவர்சியரை எங்கே மாற்றினார்கள் என்று எங்களுக்குத் தெரியவில்லை. காலனி சாலை மேட்டுக்கு மாறிவிட்டது. பம்பு மட்டும் வரவில்லை.

அந்தக் கோடை விடுமுறைக்கு நான் போனேன். ஏரி நிறையத் தண்ணீர். புதுக்கரையின் அடியில் புல்லெல்லாம் காய்ந்து, மண் வெடித்துக் கிடந்தது. எங்கும் ஈரத்தின் சுவடுகூட இல்லை. பஸ்ஸில் வந்த களைப்பு, வெயில், நாக்கு மேல் அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. உள்ளே நுழைந்ததும் தண்ணீர் கேட்டேன். அண்ணி ஒரு டம்ளரில் கொண்டுவந்து கொடுத்தாள். பாதிதான் இருந்தது. ஒரே மடக்கில் குடித்துவிட்டு டம்ளரை நீட்டினேன், இன்னும் கொஞ்சம் என்று. என்னிடம் எதற்கும் இல்லை என்று சொல்லி அறியாதவள் டம்ளரை வாங்கி வைத்துவிட்டு வேறு பக்கம் பார்த்தாள்.

"செத்த பொறுத்துக்க பாப்பா. காலைலேர்ந்து கொடத்த வச்சிகினு நின்னுட்டுதான் வந்தேன். இன்னும் ஊத்த ஆள் வர்ல."